கலாக்ஷேத்திரச் சேலை

கலாக்ஷேத்திரச் சேலை என்பது அகலக் கரையும் அதற்கு எதிர்நிறத்தில் உடலும் அடக்கமான சரிகையும் கொண்ட கோர்வைப் பட்டுச் சேலை வகை. ருக்மிணி தேவி அருண்டேல் 1937இல் சென்னை அடையாற்றில் கலாக்ஷேத்திரத்தின் பகுதியாகத் தொடங்கிய நெசவு மையத்திலிருந்து இது பரவியது. உயர்விலைப் பட்டுக் கடைகளில் இன்று ‘கலாக்ஷேத்ரா பார்டர்’ என்ற பெயரில் விற்கும் சேலைகளுக்கு மூலம் இதுவே.

ருக்மிணி தேவி 1904 பிப்ரவரி 29 அன்று மதுரையில் பிறந்தார். 1935இல் பரதநாட்டிய மேடையேறி, அடுத்த ஆண்டே கலாக்ஷேத்திரத்தை நிறுவினார். அவரைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் நடனத்தோடு நின்றுவிடுகின்றன. தென்னிந்தியப் பெண்கள் எதை உடுத்துகிறார்கள் என்பதை மாற்றிய வடிவமைப்பாளர் என்ற இடமும் அவருக்கு உரியது.

நெசவு மையம் தொடங்கிய காலத்தில் வசதியான குடும்பங்களில் ஷிஃபானும் ஜார்ஜெட்டும் புகுந்திருந்தன. கனத்த பட்டு பழைய மோஸ்தராகிக்கொண்டிருந்தது. ருக்மிணி தேவி பழஞ்சேலைகளின் கரைகளையும் கட்டங்களையும் கோயில் சிற்பங்களையும் பார்த்து, அவற்றைத் தறிக்கு மீட்டுக் கொண்டுவந்தார். கோபுரக் கரை, ருத்ராட்சம், மயில்கண், அன்னம், யாளி போன்ற மரபு உருக்கள் நெய்யப்பட்டன. கைப்பக்குவம் நெசவாளர்களுடையது. எந்த உருவுக்கு எந்த நிறம், சரிகை எவ்வளவு, எங்கே வெற்றிடம் விடுவது என்ற தேர்வில்தான் அவர் கை தெரிகிறது. மேடையில் நடனமணிகள் அணியும் தைத்த உடைக்கும் அவர் இதே கவனத்தைக் கொடுத்தார்.

இந்த அழகுக்கு அடிப்படை கோர்வை நெசவு. சாதாரண நெசவில் ஒரே ஊடை நூல் சேலையின் இருகரையையும் தொட்டுத் திரும்புவதால், உடலின் நிறம் கரையிலும் கலந்துவிடும். கோர்வையில் மூன்று நாடாக்கள் ஓடும்: இரு கரைகளுக்கும் ஒவ்வொன்று, உடலுக்கு ஒன்று. நெசவாளியின் பக்கத்தில் இன்னொருவர் அமர்ந்து ஒரு கரையின் நாடாவை வாங்கித் தர வேண்டும். ஒவ்வொரு ஊடையிலும் கரை நூலும் உடல் நூலும் கோத்துக்கொள்கின்றன. அரக்குக் கரையும் மாந்தளிர் உடலும் ஒன்றின் நிறம் மற்றதில் கலக்காமல் சுத்தமாக நிற்பது இதனால்தான். இரண்டு ஆள் உழைப்பு என்பதால் விலையும் ஏறுகிறது. அந்த விலை நியாயமானது.

வடிவமைப்பாளராக ருக்மிணி தேவியின் இடத்தை அறிய ஓர் ஒப்பீடு உதவும். உலக அளவில் ஆடை வடிவமைப்பின் முன்னோடி சார்லஸ் ஃபிரெடரிக் வொர்த் (1825–1895). இங்கிலாந்தில் பிறந்த இவர் 1858 வாக்கில் பாரிஸில் கூட்டாளியுடன் சொந்த உடையகம் திறந்தார். உயிருள்ள பெண்களுக்கு உடுத்திக் காட்டுவது, உடையில் தம் பெயர்ப்பட்டை தைப்பது ஆகிய பழக்கங்களை அவர் நிலைநிறுத்தினார். வாடிக்கையாளர் சொன்னதைத் தைப்பவராக இருந்த தையற்காரர், தம் ரசனையை விற்பவரானார். இன்றைய ஆடம்பர ஆடை நிறுவனங்கள் பலவும் அந்த வழியில் நடப்பவையே. ருக்மிணி தேவியும் ஒருவரின் ரசனையைத் தரத்தின் அளவுகோலாக்கினார். ஆனால் பருவத்துக்கு ஒரு புதுமை என்ற ஓட்டத்தில் அவர் இறங்கவில்லை. சேலைக்கு நிலைத்த பெயரும் அவருடையது அல்ல, நிறுவனத்தினுடையது.

கலாக்ஷேத்திரச் சேலை போன்ற விலையுயர்ந்த பட்டை வாங்க முடியாதவர்களின் பட்டுக் கனவு திண்டுக்கல் சமவெளியில் வேறு வழியில் நிறைவேறியது. திண்டுக்கல்லிலிருந்து மதுரை செல்லும் வழியில், சிறுமலை அடிவாரத்தையொட்டிய சின்னாளப்பட்டியின் நெசவாளர்கள் செயற்கைப் பட்டு நூலில் சேலை நெய்து, காஞ்சிபுரப் பட்டின் பளபளப்பை எளிய குடும்பங்களுக்கு எட்டும் விலையில் தந்தார்கள். ‘சின்னாளப்பட்டு’ என்ற பெயர் தமிழகம் முழுக்கப் பரவியது. பருத்தியில் புள்ளிச் சாயமிட்ட சுங்குடிக்கும் இவ்வூர் பேர்போனது. ஆடம்பரத்தின் வரலாற்றை எழுதுவோர் இத்தகைய ஊர்களை விட்டுவிடுவது பெருங்குறை. உயர்ந்த விலையில் பிறக்கும் அழகு ஊர்ப்புறக் கல்யாணப் பந்தலுக்கு வந்து சேர்வது இவர்கள் கையால்தான். ஆனாலும் எந்தச் சேலையிலும் அதை நெய்தவரின் பெயர் இல்லை.

ருக்மிணி தேவி 1986 பிப்ரவரி 24 அன்று மறைந்தார். 1993ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கலாக்ஷேத்திரம் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமானது. அதன் இன்றைய இடமான திருவான்மியூரில் நெசவும் கலம்காரித் துணி ஓவியமும் தொடர்கின்றன.

‘கலாக்ஷேத்ரா பார்டர்’ என்று விசைத்தறிச் சேலைகளும் விற்கப்படுகின்றன. வாங்குபவர்கள் கைத்தறி முத்திரையையும் சில்க் மார்க்கையும் கேட்டுப் பார்க்க வேண்டும். சேலையைப் புரட்டி, கரை உடலோடு சேரும் கோட்டையும் கவனியுங்கள். கோர்வையாக இருந்தால் அங்கே நூல்கள் பல் பல்லாகக் கோத்திருக்கும்.