நந்தன் கொடுத்த தோல்

தோழர்களே, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு என்று தோல் வாடையோடு வளர்ந்தவர்கள் நிறைந்த அவை இது. அதனால் தோலிலிருந்தே தொடங்குகிறேன். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் எழுதிய பெரியபுராணத்தில், ஆதனூர் நந்தனார் சிவன் கோயில்களின் பேரிகைகளுக்குத் தோலும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும் கொடுத்தவர். அவர் கொடுத்த தோல் கோயிலுக்குள் முழங்கியது. அவர் வெளியே நின்றார்.

அந்தப் புராணத்தில் ஆண்டை கிடையாது. 1860களின் தொடக்கத்தில் அச்சேறிய கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனைதான் வேதியரைக் கொண்டுவந்தது. தோல் பின்னுக்குப் போய், வயல் முன்னுக்கு வந்தது. நந்தன் பண்ணையாள் ஆனான். சிதம்பரம் போக உத்தரவு கேட்டுக் கெஞ்சுவதும், நாற்பது வேலி ஒரே இரவில் விளைந்து நிற்பதும் பாரதி சேர்த்தவை. தஞ்சைப் பண்ணையடிமையை மேடையேற்றினார் என்ற பெருமையை அவருக்குக் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் கூலி கேட்க வேண்டிய வாய் அங்கே விடுப்புக் கேட்டுப் பாடியது.

நாடகக் குழுக்கள் ஊர் ஊராகப் பரப்பிய இந்த நந்தன்தான் சினிமாவுக்குப் போனான். 1935இல் வந்த 'பக்த நந்தனார்' படத்தில் கே.பி. சுந்தராம்பாள் நந்தனாகவும், மகாராஜபுரம் விசுவநாத ஐயர் வேதியராகவும் நடித்தார்கள். சுந்தராம்பாள் வாங்கிய ஒரு லட்ச ரூபாய்தான் இன்றும் பேசப்படுகிறது. அதே ஆண்டு அக்டோபர் 13 அன்று, இயோலாவில், தாம் இந்துவாகச் சாகப்போவதில்லை என்று அம்பேத்கர் அறிவித்ததை யாரும் இதோடு சேர்த்துப் பேசுவதில்லை. 1942இல் ஜெமினி மறுபடி எடுத்தது. தண்டபாணி தேசிகர் நந்தன், செருகளத்தூர் சாமா வேதியர். அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே, 1939 ஜூலை 8 அன்று, மதுரை மீனாட்சி கோயிலுக்குள் நம்மவர்கள் நுழைந்துவிட்டார்கள். திரையில் மட்டும் கெஞ்சல் முடியவில்லை. தேசிகரின் குரலில் நானும் உருகியவன்தான், மறைக்கவில்லை. அந்த உருக்கம்தான் சிக்கல். கேட்கிறவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம்.

தீயைப் பற்றியும் சொல்ல வேண்டும். சேக்கிழாரிடமே நந்தனார் தீயில் இறங்கி, பூணூலும் சடையும் கொண்ட முனிவராக எழுந்த பிறகுதான் தில்லைக்குள் போகிறார். சேரியாளாக உள்ளே போகவில்லை. இந்திரா பார்த்தசாரதியின் 'நந்தன் கதை' நாடகம் இந்தத் தீயைச் சூழ்ச்சியென்று திருப்பி எழுதியது. பண்டிதர் அயோத்திதாசரோ வெகுகாலம் முன்பே, நந்தனைப் பக்தனாக ஏற்காமல், வேடதாரிகளின் சதியில் வீழ்ந்த அரசனாக எழுதிவிட்டார். அந்த அரசன் மேடைக்கும் திரைக்கும் பிடிக்கவில்லை போலும்.

கடைசியாக நம் வடஆற்காட்டுக்காரர் ஒருவர். ஆரணி அருகே மேல்புதுப்பாக்கத்தில் 1890இல் பிறந்தவர் சுவாமி சகஜானந்தர். சுந்தராம்பாளின் படம் வருவதற்கு 19 ஆண்டுகள் முன்பு, 1916இல், நந்தனைத் தீயில் இறக்கிய அதே சிதம்பரத்தில், நந்தன் பெயரிலேயே நம் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் தொடங்கினார். நந்தனார் பெயரில் பள்ளி இன்றும் அங்கே நடக்கிறது.