கொண்டல்

நாலு திசைக் காற்றுக்கும் நாலு பெயர் வைத்த மொழி தமிழ். தெற்கிலிருந்து வருவது தென்றல், வடக்கிலிருந்து வாடை, மேற்கிலிருந்து கோடை, கிழக்கிலிருந்து கொண்டல். தென்றலைச் சினிமாப் பாட்டு காப்பாற்றிவிட்டது. கொண்டலுக்கு அந்த யோகம் இல்லை. கடலோரத்து மீனவர் பேச்சில்தான் அது இன்னும் உயிரோடு உலவுகிறது.

‘கொள்’ என்பதே இதன் வேர். நீரை முகந்து கொண்டது, ஆகவே மேகம். கருமுகில் நிறத்துத் திருமாலுக்குக் கொண்டல்வண்ணன் என்ற பெயர் இப்படி வந்தது. மேகத்தைக் குறித்த சொல் மழைக்கும், அதைக் கொண்டுவரும் கீழ்க்காற்றுக்கும் ஆகிவந்தது. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி இந்த மூன்று பொருளையும் தருகிறது.

காற்றுக்கு மேகத்தின் பெயர் பொருந்துவதற்குக் காரணம் நம் நிலஅமைப்பு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்கக் கடலைக் கடந்து வரும் காற்று ஈரத்தை அள்ளிவருகிறது. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி அந்த மூன்று மாதங்களில்தான். மேல்காற்றின் கதையே வேறு. ஜூன், ஜூலையில் அரபிக் கடலிலிருந்து கிளம்பும் அது, மேற்குத் தொடர்ச்சி மலையின் கேரளப் பக்கமே பெரும்பாலான மழையைக் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் காய்ந்து இறங்குகிறது. அந்தக் காற்றின் பெயரான கோடை, வெயில் காலத்துக்கே பெயராகிவிட்டது.

கொண்டலாத்திப் பறவையை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அது தலைக் கொண்டையால் பெயர் பெற்றது. மழைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.