பரிசலும் பிளி மீனும்: காவிரியின் ஒரு பழைய கணக்கு

கனடா வந்து இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, போன ஜூனில் ஆபீஸ் நண்பர் ஒருவர் என்னை அல்கான்க்வின் காட்டுக்குக் கூட்டிப் போனார். ரெண்டே பேர், ஒரு கேனோ, ஒரு கூடாரம், மூணு ராத்திரி. துடுப்பு போட்டுத் தோள்பட்டை கழன்றதுதான் மிச்சம். எனக்கு ஒரு மீனும் மாட்டலை. அவர் பிடித்த ட்ரவுட்டை அளந்து, நோட்டில் எழுதிக்கொண்டு, திரும்பத் தண்ணியிலேயே விட்டார். ராத்திரி நெருப்புப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார்: "உங்க ஊர்ல இதெல்லாம் உண்டா?"

நம்ம ஊர் சாந்திபுரம், குப்பம் பக்கம். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு. ஆறு என்றால் பாலாறு. ஆந்திராவில் அது ஓடுவதே 33 கி.மீ., அதுவும் பாதி நாள் வெறும் மணல். கேனோ வேண்டாம், மாட்டுவண்டி போதும் :-) ஆனால் கிருஷ்ணகிரி, தர்மபுரி தாண்டினால் ஒகேனக்கல். அங்கே காவிரியில் பரிசல் உண்டு. அதற்கும் மேலே, கர்நாடகக் காட்டுக்குள் நடந்த கதையைத்தான் அவருக்குச் சொன்னேன்.

மகசீர் என்று ஒரு மீன். கன்னடத்தில் பிளி மீன், அதாவது வெள்ளை மீன். சென்னை மாகாண அதிகாரி ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873-ல் இந்தியத் தூண்டில் மீன்பிடிப்பு பற்றிப் புத்தகமே போட்டார். இழுத்துச் சண்டை போடுவதில் அவங்க ஊர் சால்மனைவிட மகசீர்தான் ஒசத்தி என்றார் மனுஷன். 1946-ல் மைசூர் வான் இங்கன் குடும்பத்துக்காரர் ஒருவர் கபினியில் பிடித்தது 120 பவுண்டு. சுமார் 54 கிலோ! என் எடை அதைவிடக் கொஞ்சம்தான் கூட.

அப்புறம் வலை, வெடி என்று ஆற்றை நாசம் பண்ணினார்கள். மகசீர் அவ்வளவுதான் என்று நினைத்திருந்த நேரத்தில், 1977-78-ல் இங்கிலாந்திலிருந்து வந்த மூணு பேர் காவிரியில் பெரிய மீன்கள் இன்னும் இருக்கு என்று காட்டினார்கள். பெங்களூரில் 1972-ல் தொடங்கிய தென்னிந்திய வனவிலங்குச் சங்கம் ஆற்றின் ஒரு பகுதியைக் குத்தகைக்கு எடுத்துக் காவல் போட்டது. அரசின் ஜங்கிள் லாட்ஜஸ் நிறுவனம் பீமேஸ்வரி, காலிபோரே, தொட்டமாக்கலி என்று முகாம்கள் நடத்தியது. திருட்டுத்தனமாக மீன் பிடித்தவர்களில் சிலரே வழிகாட்டிகள் ஆனார்கள்.

முறை எளிமையானது. பரிசலில் ஒரு தூண்டில்காரர், ஒரு உள்ளூர் ஆள். இரையாக வேகவைத்த ராகி உருண்டை (நம்ம களிதான் சார்!). பெரிய மீன் மாட்டினால் அது இழுக்கிற பக்கம் பரிசலும் சுற்றிக்கொண்டே போகும். கரைக்கு வந்ததும் எடை போட்டு, நோட்டில் எழுதி, உயிரோடு விட்டுவிட வேண்டும்.

அந்த நோட்டுதான் எனக்குப் பிடித்த விஷயம். காலிபோரே முகாமில் 1998 முதல் 2012 வரை 23,620 மணி நேரத்தில் 6,161 மகசீர் என்று பதிவு. ஆராய்ச்சியாளர்கள் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தார்கள். வருஷத்துக்கு வருஷம் மீன் எண்ணிக்கை கூடியிருக்கு. ஆஹா, காப்பாற்றிவிட்டோம்!

பேங்க்காரனுக்கு இங்கேதான் சந்தேகம் வரணும். டெபாசிட் மொத்தம் ஏறுது, சரி, யாருடைய டெபாசிட்? அதே பதிவுகளை மீன் வகைவாரியாகப் பிரித்தபோது குட்டு வெளிப்பட்டது. ஏறியது நீலத்துடுப்பு மகசீர். அது காவிரியுடையதே இல்லை. வளர்ப்புப் பண்ணையில் பொரித்த குஞ்சுகளை, நல்லெண்ணத்தோடுதான், ஆற்றில் விட்டிருந்தார்கள். காவிரிக்கே சொந்தமான, முதுகு மேடிட்ட பெரிய மகசீர் கிட்டத்தட்டக் காணாமலே போயிருந்தது.

இன்னொரு கொடுமை. உலகம் பூரா பேர் வாங்கிய அந்த மீனுக்கு அறிவியல் பெயர் நிச்சயமாகவே இல்லை. பெயர் இல்லாத மீனை அழியும் பட்டியலில் எப்படிச் சேர்ப்பது? கேஒய்சி இல்லாத கணக்கு மாதிரி! 2018-ல்தான், கேரளப் பாம்பாற்றில் ஏற்கனவே விவரித்திருந்த டோர் ரெமாதேவி-யும் இதுவும் ஒன்றே என்று தெளிவானது. அதே வருஷம் 'மிகவும் அழிவாபத்து' பட்டியலிலும் ஏறியது. மிச்சம் இருப்பவை மோயாறு மாதிரி ஒன்றிரண்டு இடங்களில்தான்.

இதற்குள் சரணாலயத்தில் தூண்டில் போடுவதும் வேட்டைதான் என்று சட்டத்துக்குப் பொருள் சொல்லி, 2012-ல் அந்த முகாம்களின் மீன்பிடிப்பை நிறுத்தியாகிவிட்டது. சட்டம் சட்டம்தான், மறுக்கலை. ஆனால் பரிசலோடு காவலும் போச்சு, நோட்டும் போச்சு. ஆடிட்டரை அனுப்பிவிட்டு லாக்கரைத் திறந்து வைத்த மாதிரி என்று எனக்குப் படுகிறது. நீங்கள் மாற்றிச் சொன்னால் கேட்டுக்கொள்கிறேன்.

நண்பர் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு கேட்டது ஒன்றே ஒன்று: ராகி உருண்டையை ட்ரவுட் தின்னுமா? பிராம்டன் கடையில் ராகி மாவு கிடைக்கிறது. அடுத்த ஜூனுக்கு ரெண்டு கிலோ வாங்கி வைக்கணும்.