செஞ்சோற்றுக் கடனும் போர்ப்பணி நாய்களும்: ஓர் அறவியல் வரலாற்று நோக்கு

முன்னுரை

போர்ப்பணியில் நாய்களை ஈடுபடுத்துவது முறையா என்னும் வினா, நாய் தன் விருப்பத்தால் படையில் சேர்வதில்லை என்னும் எளிய உண்மையிலிருந்து எழுகிறது. நாடு, கொடி, புகழ் ஆகிய எவையும் அதற்குப் பொருள்படா. கையாள்வோன்மீது கொண்ட பற்றும் அவன் அளிக்கும் உணவுமே அதனை இயக்குகின்றன. உண்ட சோற்றுக்காக உயிரையும் கொடுக்கும் வீரனின் கடப்பாட்டைத் தமிழ் மரபு செஞ்சோற்றுக் கடன் என்று வழங்கியது. வீரன் அக்கடனை அறிந்து ஏற்கிறான். நாயோ அறியாமலே செலுத்துகிறது. அவ்வாறாயின், அதன் உழைப்பைப் பெற்றவர் அதற்குத் திருப்பிச் செலுத்த வேண்டியது யாது? பழந்தென்னகத்தின் இரண்டு நினைவுக்கற்களையும் இருபதாம் நூற்றாண்டுப் படைகளின் நடைமுறைகளையும் ஒப்புநோக்கி இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கல்லில் நிலைத்த பெயர்கள்

திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் கிடைத்த நடுகல், முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. எருமைகளின் பொருட்டு நிகழ்ந்த பூசலில் வீழ்ந்த கருந்தேவக்கத்தி என்னும் வீரனுக்காக அது எடுக்கப்பட்டது. வீரனின் உருவத்தோடு அவனுடைய நாயின் உருவமும் அதில் செதுக்கப்பட்டுள்ளது. கோவிவன் என்பது அந்நாயின் பெயர் என்றும், அது கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது என்றும் கல்வெட்டு தெரிவிக்கிறது. வீரனுக்குரிய நினைவில் நாய்க்கும் இடமுண்டு என்று அவ்வூரார் கருதியமை இதனால் புலனாகிறது.

இரண்டாவது கல் கருநாடகத்து மாண்டியா மாவட்டத்தின் ஆதகூரில் கிடைத்தது. சோழ இளவரசன் இராசாதித்தன் இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருட்டிணனின் படையோடு பொருது மடிந்த தக்கோலப் போரைக் குறிப்பிடுவதால், இக்கல் தமிழக வரலாற்றுக்கும் சான்றாகிறது. அப்போரில் காட்டிய வீரத்திற்குப் பரிசாக மணலேரன் என்பவன் மன்னனிடம் கேட்டுப் பெற்றது காளி என்னும் வேட்டைநாயை. பின்னர் காளி ஒரு காட்டுப் பன்றியோடு பொருதபோது இரண்டும் மாண்டன. அந்நாயின் நினைவாகக் கல் நாட்டப்பட்டு நிலமும் கொடையாக அளிக்கப்பட்டது.

இச்சான்றுகளைக் கொண்டு அக்காலத்தார் நாய்களிடம் பெருங்கருணை காட்டினர் என்று முடிவு செய்தல் பொருந்தாது. காளியும் ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு மாறிய பரிசுப் பொருளே. பன்றியோடு பொரும்படி அதனை ஏவியவர்களும் மனிதர்களே. எனினும், தம் பொருட்டு ஓர் உயிர் மாண்டது என்பதை அவர்கள் மறைக்கவில்லை. பெயரைப் பொறித்ததன்வழி கடன்பட்டமையை ஒப்புக்கொண்டனர்.

பற்றே கருவியான காலம்

முதல் உலகப் போரின்போது, 1917இல், எட்வின் ரிச்சர்ட்சன் என்னும் படை அலுவலரின் பொறுப்பில் இங்கிலாந்தின் சூபரினெசு என்னுமிடத்தில் போர்நாய்ப் பயிற்சிப் பள்ளி அமைக்கப்பட்டது. செய்தி கொண்டுசெல்லும் நாய்களை அப்பள்ளி பழக்கியது. பராமரிப்பவனிடமிருந்து பிரித்து முன்னணிப் பதுங்குகுழிக்குக் கொண்டுசெல்லப்பட்ட நாய், செய்தியோடு விடுவிக்கப்பட்டதும் குண்டுமழைக்கிடையே அவனை நாடித் திரும்பி ஓடியது. தண்டனையைவிட அன்பும் உணவுமே பயிற்சிக்கு உகந்தவை என்று ரிச்சர்ட்சன் வலியுறுத்தினார். ஆயினும் அவ்வன்பே அந்நாயைச் சாவின் வாயிலுக்குக் கொண்டுசென்றது என்பதை மறுப்பதற்கில்லை.

இம்முரண்பாட்டின் உச்சத்தை இரண்டாம் உலகப் போரில் சோவியத் படை பயன்படுத்திய டாங்கி எதிர்ப்பு நாய்களிடம் காணலாம். டாங்கிகளின் அடியில் உணவு வைத்து அந்நாய்கள் பழக்கப்பட்டன. நாய் வெடிபொருளை டாங்கியின் அடியில் விட்டுவிட்டுத் திரும்புவதே தொடக்கத் திட்டமாக இருந்தது. அது கைகூடாமற்போகவே, நாயின் முதுகில் கட்டிய வெடிபொருள் அதன்மேல் நீட்டிக்கொண்டிருந்த நெம்புகோல் டாங்கியில் பட்டதும் வெடிக்கும்படி அமைக்கப்பட்டது. களத்தில் இம்முறை பலவாறு பிழைத்தது. சோவியத் டாங்கிகளைக் கொண்டே பயின்றமையால் சில நாய்கள் பழகிய டாங்கிகளையே நாடின. முழக்கத்திற்கு அஞ்சியவை தம்மை ஏவிய வீரர்களின் பதுங்குகுழிகளுக்கே திரும்பி ஓடின.

காவல் நாயும் செய்தி நாயும் இடருக்கு உட்படுத்தப்பட்டன. அவை உயிரோடு திரும்புதலே பணியின் வெற்றி. டாங்கி எதிர்ப்பு நாய்க்கோ அதன் சாவே பணியின் நிறைவு. ஊட்டிய சோறே அதனைக் கொல்லும் கண்ணியாயிற்று. செஞ்சோற்றுக் கடன் என்னும் கருத்து இங்கு முற்றிலும் தலைகீழாகிறது.

தளவாடப் பதிவேட்டில் நாய்

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் குடும்பங்கள் தம் வளர்ப்பு நாய்களைப் படைக்கு மனமுவந்து அளித்தன. இதற்கென 1942இல் ‘பாதுகாப்புக்கான நாய்கள்’ என்னும் பொருள்படும் பெயரோடு தன்னார்வ அமைப்பு ஒன்று தோன்றியது. போர் முடிந்தபின், மனிதரோடு அமைதியாக வாழும்படி அந்நாய்கள் மீண்டும் பழக்கப்பட்டு உரியவர்களிடம் ஒப்படைக்கப்பட்டன. வீட்டார் காத்திருந்தமையால் படைக்கும் பொறுப்பு இருந்தது.

வியட்நாம் போர்க்காலத்தில் நிலைமை மாறியது. நாய்கள் விலைக்கு வாங்கப்பட்டுப் படையின் உடைமையாயின. ஏறத்தாழ 4,000 நாய்கள் அங்குப் பணிபுரிந்தன. மறைந்திருந்த எதிரிகளையும் கண்ணிவெடிகளையும் சுரங்கங்களையும் முன்கூட்டி உணர்த்தி, உடன்சென்ற வீரர்களைக் காத்தன. 1973இல் அமெரிக்கப் படைகள் வெளியேறி முடிந்தபோது நாடு திரும்பியிருந்த நாய்கள் ஏறத்தாழ 200 மட்டுமே. எஞ்சியவற்றுள் களத்தில் மடிந்தவை போக, மற்றவை தென்வியட்நாம் படையிடம் விடப்பட்டன அல்லது கொல்லப்பட்டன. பதிவேட்டில் அவை மிகுதிப்பட்ட தளவாடம் என்னும் வகையில் அடங்கியிருந்தன. நோய்பரவும் அச்சமும் காரணமாகக் கூறப்பட்டது. ஆயினும், தளவாடம் என்னும் சொல்லே அம்முடிவை எளிதாக்கியது எனலாம். பழுதுற்ற வண்டியைக் கைவிடுவதற்கு எவரும் விடைகூற வேண்டியதில்லை அன்றோ!

அந்நாய்களைக் கையாண்ட வீரர்கள் பலர் இத்துயரைப் பல்லாண்டுகள் சுமந்தனர். 2000ஆம் ஆண்டு நவம்பரில் இயற்றப்பட்ட அமெரிக்கச் சட்டம், பணி முடிந்த நாய்களை முன்னாள் கையாள்வோரும் தகுதியுடைய பிறரும் தத்தெடுக்க வழிவகுத்தது. அச்சட்டத்தைத் தூண்டிய ராபி என்னும் நாயைத் தத்தெடுக்க அதன் கையாள்வோர் வேண்டியும், அது கிட்டவில்லை. சட்டம் நிறைவேறிய சில மாதங்களில் நோயுற்றிருந்த ராபி கருணைக்கொலை செய்யப்பட்டது.

இந்திய நடைமுறை

இந்தியத் தரைப்படையின் நாய்களுக்கு மீரட்டிலுள்ள கால்நடை மருத்துவப் படைப்பிரிவு மையம் பயிற்சி அளிக்கிறது. பணிக்குத் தகுதியிழந்த நாய்கள் கருணைக்கொலை செய்யப்பட்டு வந்தமை, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் பெறப்பட்ட விடையால் 2015இல் பொதுவெளிக்கு வந்தது. செய்தி தில்லி உயர் நீதிமன்றம் வரை சென்றது. அதன்பின் நடைமுறை மாறியது. ஓய்வுபெற்ற நாய்களைப் பேணுதலும் தத்தளித்தலும் இடம்பெற்றன. 2022 சூலையில் காசுமீரத்தின் பாரமுல்லா மாவட்டத்து மோதலில் உயிரிழந்த ஆக்சல் என்னும் நாய்க்கு, அவ்வாண்டுச் சுதந்திர நாளையொட்டிப் படைக்குறிப்பில் பெயர் சுட்டப்படும் சிறப்பு வழங்கப்பட்டது. எடுத்தனூர்க் கல்லில் கோவிவன் பெற்ற இடத்தை இது நினைவூட்டுகிறது.

எதிர்வாதமும் வரம்பும்

வெடிபொருளை மோப்பத்தால் அறியும் நாய், படைவீரர்களோடு பொதுமக்களின் உயிரையும் காக்கிறது. அதனைத் தவிர்த்தால் இழப்பு மிகும் என்பது பணியை ஆதரிப்போரின் வாதம். இதில் உண்மையுண்டு. ஆயினும் எல்லாப் பணிகளுக்கும் இவ்வாதம் பொருந்தாது. ஈராக்கின் அபு கிரைப் சிறையில் கைதிகளை அச்சுறுத்த நாய்கள் ஏவப்பட்டன. அதன் தொடர்பில் நாய்களைக் கையாண்ட அமெரிக்கப் படையினர் இருவர் 2006இல் படைநீதிமன்றத்தால் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளிக்கப்பட்டனர். அங்கு அச்சுறுத்தப்பட்ட மனிதனுக்கும், கொடுமைக்குக் கருவியாக்கப்பட்ட விலங்குக்கும் ஒருசேர அநீதி இழைக்கப்பட்டது.

முடிவுரை

மேற்கண்டவற்றிலிருந்து மூன்று வரம்புகளை வகுக்கலாம். நாயின் பணி உயிர்காப்பை நோக்கியதாக இருத்தல் வேண்டும். அதன் சாவையே வழிமுறையாகக் கொண்ட திட்டம் எந்நிலையிலும் ஏற்கத்தக்கதன்று. பணி முடிந்தபின் அதன் முதுமைக்குப் படையே பொறுப்பாதல் வேண்டும். இம்மூன்றும் நிறைவேறினும், நாயின் இசைவைப் பெற்றுவிட்டதாக எவரும் கூறவியலாது. அக்குறை என்றும் எஞ்சி நிற்கும். ஆதலின் அதனை ஏவுவோரின் பொறுப்பும் குறைவதில்லை. மாண்டபின் பெயர் பொறிப்பது கடனை ஒப்புக்கொள்ளும் செயல். உயிரோடு திரும்பிய நாய்க்கு உணவும் உறைவிடமும் அளித்து இறுதிவரை காப்பதே அக்கடனைத் தீர்க்கும் செயலாகும்.