1998 உறைமழைப் புயல்

1998 உறைமழைப் புயல் என்பது 1998 சனவரி 5 முதல் 10 வரை கனடாவின் கியூபெக், ஒன்டாரியோ மாகாணங்களையும் அவற்றை அடுத்த பகுதிகளையும் தாக்கிய இயற்கைப் பேரழிவு ஆகும். ஐக்கிய அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களும் இதனால் பாதிப்புற்றன.

உருவாக்கம்

மேலுள்ள வெப்பக் காற்றடுக்கிலிருந்து விழும் மழைநீர், தரையை ஒட்டிய கடுங்குளிர்க் காற்றைக் கடந்து, தொட்ட பொருளின்மீது உடனே பனிக்கட்டியாக உறைவது உறைமழை எனப்படும். மொண்ட்ரியாலுக்குத் தெற்கே சில இடங்களில் ஏறத்தாழ 100 மி.மீ. உறைமழை பெய்தது. பனிக்கட்டியின் எடை தாங்காமல் ஏறத்தாழ 1,000 மின்கோபுரங்களும் பல்லாயிரக்கணக்கான மரக் கம்பங்களும் சரிந்தன.

வீடுகளில் பாதிப்பு

கியூபெக்கில் பெரும்பாலான வீடுகள் மின்சாரத்தாலேயே சூடேற்றப்படுவதால், மின்தடை உயிருக்கே ஆபத்தாயிற்று. சில ஊர்களில் மின்சாரம் மீள ஏறத்தாழ ஒரு மாதம் ஆனது. விறகடுப்பு இருந்த வீடுகளில் அயலவர்களும் தங்கினர். பலர் பள்ளிகளில் அமைந்த முகாம்களுக்குச் சென்றனர்.

கனடாவில் 25 பேருக்கு மேல் இறந்தனர். சிலர் குளிரால் உடல் வெப்பம் குறைந்தும், சிலர் மூடிய வீட்டினுள் கார்பன் மோனாக்சைடு வளிமத்தைச் சுவாசித்தும் உயிரிழந்தனர். நிறமும் மணமும் அற்ற இவ்வளிமம் கரியடுப்பு, எரிபொருள் மின்னாக்கி ஆகியவற்றிலிருந்து வெளியாகிறது. எனவே மின்தடையின்போது இவற்றை வீட்டிற்கு வெளியே, சன்னல்களிலிருந்து விலக்கி வைத்தே இயக்க வேண்டும்.