மறைந்துபோன ஒரு தமிழ்ப் படம்: இயக்குநர் ஜெயகாந்தன்

மயிலை சீனி. வேங்கடசாமி 1959ஆம் ஆண்டில் 'மறைந்துபோன தமிழ் நூல்கள்' என்னும் நூலை வெளியிட்டார். இன்று முழுமையாகக் கிடைக்காத நூல்களைப் பற்றி, உரையாசிரியர்களின் மேற்கோள்களிலிருந்தும் தொகை நூல்களிலிருந்தும் அறியக்கூடியவற்றைத் திரட்டித் தந்த அரிய முயற்சி அது. ஐம்பெருங்காப்பியங்களுள் வளையாபதியும் குண்டலகேசியும் சில செய்யுட்களாக மட்டுமே நம் கைக்கு வந்திருப்பதைத் தமிழ் பயின்ற அனைவரும் அறிவர். கறையானுக்கும் வெள்ளத்துக்கும் நம் அசட்டைக்கும் இரையான ஏடுகளை எண்ணி வருந்துவது நமக்குப் பழகிய ஒன்று. ஆனால், நம் பெற்றோர் காலத்தில் திரையிடப்பட்டு, தேசிய விருதும் பெற்ற ஒரு தமிழ்ப் படம் அறுபது ஆண்டுகளுக்குள் அதே கதியை அடைந்திருக்கிறது என்பதை நாம் அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை. அப்படம் 1965ஆம் ஆண்டில் வெளியான 'உன்னைப்போல் ஒருவன்'. எழுதி இயக்கியவர் ஜெயகாந்தன்.

ஜெயகாந்தனைச் சிறுகதையாசிரியராகவும் நாவலாசிரியராகவும் கட்டுரையாளராகவும் மேடைப் பேச்சாளராகவும் பேசும் நூல்கள் பல உள்ளன. திரைப்பட இயக்குநர் என்ற வகையில் அவரைப் பற்றிப் பேசும்போது மட்டும் நம் விமர்சகர்கள் ஓரிரு வரிகளில் கடந்துவிடுகின்றனர். எழுத்தாளர் ஒருவர் பொழுதுபோக்காகச் செய்து பார்த்துக் கைவிட்ட காரியம் என்ற எண்ணமே அதற்குக் காரணம் போலும். அது பொழுதுபோக்கன்று என்பதையும், தமிழில் தனித்தியங்கும் திரைப்படத்தின் வரலாறு அங்கிருந்தே பெருமளவில் தொடங்குகிறது என்பதையும் இக்கட்டுரையில் சொல்ல முயல்கிறோம்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் 1934ஆம் ஆண்டு பிறந்த ஜெயகாந்தன் பள்ளிப் படிப்பைத் தொடக்க நிலையிலேயே விட்டவர். சென்னையில் கம்யூனிஸ்ட் கட்சி அலுவலகத்தில் தோழர்களோடு வாழ்ந்தும், அச்சகத்தில் வேலை செய்தும் உலகைக் கற்றவர். அவரைத் திரைப்படத்தின் பக்கம் அழைத்து வந்த வழியும் அந்தத் தோழமைதான். வங்கத்தில் 'சின்னமூல்' என்ற படத்தை எடுத்துவிட்டுச் சென்னைக்கு வந்து, இங்கேயே நிலைத்து ஒளிப்பதிவாளராகப் பணியாற்றியவர் நிமாய் கோஷ். அவர் 1960ஆம் ஆண்டில் 'பாதை தெரியுது பார்' என்ற படத்தை இயக்கினார். தொழிலாளர் வாழ்வைப் பேசிய அப்படத்திற்கு எம்.பி. சீனிவாசன் இசையமைத்தார். கே. விஜயன் கதாநாயகனாக நடித்தார். ஜெயகாந்தன் பாடல் எழுதினார். விருதுச் சான்றிதழ் கிடைத்தும் திரையரங்குகளில் அப்படம் நிற்கவில்லை. பெருமுதலாளிகளைச் சாராமல் படமெடுக்கலாம், ஆனால் எடுத்த படத்தை மக்களிடம் கொண்டு சேர்ப்பதே கடினம் என்ற பாடத்தை அக்குழுவினர் அப்போதே கற்றிருப்பர். கற்றும் அவர்கள் ஓய்ந்துவிடவில்லை.

'உன்னைப்போல் ஒருவன்' 1964ஆம் ஆண்டில் ஆனந்த விகடனில் வெளிவந்த கதை. சென்னைச் சேரியில் வாழும் சித்தாள் வேலைக்காரி தங்கம். அவளுடைய மகன் சிட்டி. தாயின் வாழ்வில் கிளி ஜோசியக்காரன் ஒருவன் நுழைகிறான். அவள் கருவுறுகிறாள். மகன் அதை ஏற்க மறுக்கிறான். பெண் குழந்தையைப் பெற்றுவிட்டுத் தாய் இறக்க, எந்தக் குழந்தையை வெறுத்தானோ அதே குழந்தையைத் தன் தங்கையாக ஏந்தும் இடத்துக்குச் சிட்டி வந்து சேர்கிறான். கதை இவ்வளவுதான். இதில் வில்லன் இல்லை. தாய் தவறு செய்தவளாகவும் காட்டப்படவில்லை. தியாகத் திருவுருவாகவும் உயர்த்தப்படவில்லை. கணவன் அல்லாத ஒருவனோடு வாழ முற்படும் தாயை அக்காலத் தமிழ்த் திரைப்படம் என்ன செய்திருக்கும் என்பதை வாசகர்கள் எளிதில் ஊகிக்கலாம். கடைசிக் காட்சியில் அவள் கண்ணீர் விட்டு மன்னிப்புக் கேட்டிருப்பாள். நடுவில் இரண்டு சோகப் பாடல்களும் இருந்திருக்கும்.

ஜெயகாந்தன் தம் கதையைத் தாமே இயக்கத் துணிந்ததன் பொருள் இங்குதான் விளங்குகிறது. தனித்தியங்கும் படம் என்றால் குறைந்த செலவில் எடுத்த படம் என்றே பலரும் கருதுகின்றனர். செலவு குறைவு என்பது விளைவு மட்டுமே. கதையின் முடிவை யார் தீர்மானிப்பது என்பதே அதன் அடிப்படை. அந்த உரிமையைத் தம் கையில் வைத்துக்கொள்ள விரும்பியவர், அதற்கு ஈடாகப் பெரிய நடிகர்களையும் பெரிய முதலையும் இழக்க வேண்டியிருந்தது. ஆசிய ஜோதி பிலிம்ஸ் என்ற பெயரில் படம் உருவாயிற்று. காந்திமதி, பிரபாகர் முதலியோர் நடித்தனர். வீணைக் கலைஞர் சிட்டிபாபு இசையமைத்தார். ஆனால் படத்தில் பாடல்கள் இல்லை. 1954ஆம் ஆண்டின் 'அந்த நாள்' படத்திற்குப் பின் பாடலே இல்லாமல் தமிழில் ஒரு படம் எடுக்க முனைவது எளிய துணிவன்று.

1964ஆம் ஆண்டுக்கான தேசிய விருதுகளில் சத்யஜித் ராயின் 'சாருலதா' முதற் பரிசாகிய தங்கப் பதக்கத்தைப் பெற்றது. சேத்தன் ஆனந்தின் 'ஹகீகத்' இரண்டாவதாக வந்தது. மூன்றாவது சிறந்த படமாக இந்திய அளவில் தேர்ந்தெடுக்கப்பட்டது 'உன்னைப்போல் ஒருவன்'. அவ்வாண்டு சிறந்த தமிழ்ப் படத்துக்கான விருது சிவாஜி கணேசன் நடித்த 'கை கொடுத்த தெய்வம்' படத்துக்குச் சென்றது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இரு வகைத் தமிழ்ப் படங்கள் ஒரே ஆண்டில் டெல்லியில் எதிரெதிரே நின்ற காட்சி நமக்குத் தெரியும்.

காலத்தையும் கவனிக்க வேண்டும். இந்தியாவில் 'புதிய அலை' என்று வரலாற்றாசிரியர்கள் குறிப்பது பெரும்பாலும் 1969ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தை. மிருணாள் சென்னின் 'புவன் ஷோம்', மணி கவுலின் 'உஸ்கி ரோட்டி' ஆகிய படங்கள் அவ்வாண்டில் வந்தன. அவற்றுக்குப் பின்னால் அரசின் திரைப்பட நிதிக் கழகம் இருந்தது. ஜெயகாந்தன் நான்கு ஆண்டுகள் முன்னரே அந்தத் தாங்குதல் இன்றிச் செய்து முடித்துவிட்டார். திரைப்படக் கல்லூரியில் பயின்றவரும் அல்லர் அவர்.

அடுத்த ஆண்டே, 1966இல், தம் குறுநாவல் 'யாருக்காக அழுதான்?' கதையை அவர் படமாக்கினார். விடுதியொன்றில் எடுபிடி வேலை செய்து, செய்யாத திருட்டுக்குப் பழி சுமக்கும் ஜோசப்பாக நாகேஷ் நடித்தார். 'காதலிக்க நேரமில்லை', 'திருவிளையாடல்' ஆகியவற்றால் நாடு முழுவதும் சிரித்த முகம் அது. அந்த முகத்தை அழ வைக்கலாம் என்று கண்டது இயக்குநரின் பார்வை. கே.ஆர். விஜயா, டி.எஸ். பாலையா, சகஸ்ரநாமம் போன்ற அறியப்பட்ட நடிகர்கள் இதில் இருந்தனர். ஆக, ஒரே ஆண்டுக்குள் ஜெயகாந்தன் சந்தையோடு சற்றே சமரசம் செய்துகொண்டார் எனலாம். ஆயினும் அவருடைய இயக்குநர் வாழ்வு நீண்டு வளரவில்லை. 

இயக்குநர் வாழ்வு நீளாவிட்டாலும், திரைக்கதையாசிரியரின் வாழ்வு தொடர்ந்தது. அவருடைய 'கைவிலங்கு' கதை, எஸ்.வி. சுப்பையாவின் தயாரிப்பில், முன்பு நாம் குறிப்பிட்ட கே. விஜயனின் இயக்கத்தில், 1969ஆம் ஆண்டு 'காவல் தெய்வம்' ஆயிற்று. பின்னர் 'பாசமலர்' முதலிய படங்களால் புகழ்பெற்ற ஏ. பீம்சிங் ஜெயகாந்தனிடம் வந்தார். 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலுக்கு ஜெயகாந்தனே திரைக்கதை எழுத, 1977ஆம் ஆண்டு அது வெளியாயிற்று. கங்காவாக நடித்த லட்சுமி, தமிழ்ப் படத்துக்காகச் சிறந்த நடிகைக்கான தேசிய விருது பெற்ற முதல் நடிகையானார். 1978ஆம் ஆண்டு ஜனவரியில் பீம்சிங் மறைந்தார். அவர் இயக்கிய 'ஒரு நடிகை நாடகம் பார்க்கிறாள்' அதே ஆண்டில் வெளிவந்தது. பீம்சிங்கின் மகனும் படத்தொகுப்பாளருமான பி. லெனின், ஜெயகாந்தனின் கதையை 'ஊருக்கு நூறு பேர்' என்று படமாக்கி, 2001ஆம் ஆண்டுக்கான சிறந்த இயக்குநர் தேசிய விருதைப் பெற்றார். தந்தை, மகன் என இரு தலைமுறை ஒரே எழுத்தாளரை நாடி வந்தது நம் திரையுலகில் அரிதினும் அரிது.

இந்த இரண்டாம் கட்டத்தை வீழ்ச்சி என்று நாம் கருதவில்லை. திரைத்தொழிலை நன்கறிந்த, தம் கதையின் முடிவில் கை வைக்காத இயக்குநர் ஒருவர் கிடைத்தபின், எழுத்தாளர் ஒளிப்படக் கருவியை அவரிடம் ஒப்படைத்துவிட்டுச் சொல்லைத் தம்மிடம் வைத்துக்கொண்டார். 'சில நேரங்களில் சில மனிதர்கள்' படம் இன்றும் காணக் கிடைக்கிறது. ஆனால் அவர் தம் கையாலேயே செய்த 'உன்னைப்போல் ஒருவன்' காணக் கிடைப்பதில்லை. இந்த வேறுபாடே நம்மை உறுத்துகிறது.

ஒரு படம் எவ்வாறு மறைகிறது? ஏடு மறைவது போலத்தான். அக்காலத்தில் ஒரு படம் என்பது பத்துப் பன்னிரண்டு சுருள்கள். மூலச் சுருள் சென்னையிலுள்ள ஏதாவதொரு ஒளிப்பட ஆய்வகத்தின் கிடங்கில் இருக்கும். அதிலிருந்து எத்தனை பிரதிகள் எடுப்பது என்பதை விநியோகஸ்தர் தீர்மானிப்பார். ஓடும் படத்துக்கு ஐம்பது பிரதி, ஓடாத படத்துக்கு விரல்விட்டு எண்ணும் பிரதி. மூலச் சுருளைக் குளிர்ந்த, ஈரமற்ற அறையில் வைத்துக் காக்காவிட்டால் அசிட்டேட் படலம் காடி நாற்றம் வீசிச் சுருங்கிப்போகும். கடற்கரை நகரமான சென்னையின் புழுக்கத்தில் அது விரைவாகவே நேரும். பழைய கறுப்பு வெள்ளைச் சுருள்களிலிருந்து வெள்ளியைப் பிரித்தெடுப்பதும் ஒரு தொழிலாக இருந்தது. எந்தப் படத்தைக் காக்க வாடகை கொடுக்க ஆள் உண்டோ அது தப்பும். மறுவெளியீட்டில் பணம் தரும் நட்சத்திரம் இருந்தால் அது தப்பும். 1978ஆம் ஆண்டின் 'அவள் அப்படித்தான்' இன்று நம் வீடுகளில் காணக் கிடைப்பதற்கு, ருத்ரய்யாவின் கலைத்திறனுக்கு நிகராகக் கமல்ஹாசன், ரஜினிகாந்த், ஸ்ரீப்ரியா ஆகியோரின் பெயர்களும் காரணம் என்பதை மறுக்க இயலாது. அத்தகைய பெயர் எதுவும் இல்லாத படத்தின் கதி வேறு. 'வீடு', 'சந்தியா ராகம்' போன்ற பிற்காலப் படங்களின் மூலச் சுருள்களே இல்லாமற் போயின என்று பாலு மகேந்திரா தம் இறுதி ஆண்டுகளில் வருந்திப் பேசியதை நண்பர்கள் நினைவுகூரலாம்.

ஆகவே, தனித்தியங்கும் கலைஞர் செலுத்தும் விலை திரையரங்க வசூலோடு முடிவதில்லை. படம் உயிரோடு இருப்பதே அதில் பணயமாகிறது. புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் நிறுவப்பட்டது 1964ஆம் ஆண்டில். 'உன்னைப்போல் ஒருவன்' கதை அச்சேறிய அதே ஆண்டு அது. காக்கும் நிறுவனமும் காக்கப்பட வேண்டிய படைப்பும் ஒரே காலத்தவை என்பதே இந்த இழப்பின் கசப்பைக் கூட்டுகிறது.

நாம் வாழும் புதுப்பட்டினத்துக்கு வடக்கே சிறிது தொலைவில் மாமல்லபுரம். பல்லவர் காலச் சிற்பி பாதியில் விட்டுப்போன பாறைகள்கூட உளி பட்ட தடத்தோடு ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாக அங்கே நிற்கின்றன. அந்தக் கோயில்களின் பின்னணியில் காதலர் ஆடிப்பாடிய காட்சிகள் தமிழ்ப் படங்களில் எண்ணிலடங்கா. அவற்றுட் பல இன்றும் தொலைக்காட்சியில் வருகின்றன. சென்னைச் சேரியின் தாயையும் மகனையும் காட்டிய சுருள்கள்தான் இல்லை. பெயர்கூட அதற்குத் தனியே எஞ்சவில்லை. வகுப்பில் 'உன்னைப்போல் ஒருவன்' என்றால், மாணவர் நினைவுக்கு வருவது 2009ஆம் ஆண்டில் கமல்ஹாசன் நடித்து வெளியான வேறொரு படம். அவர்களைக் குறை கூற முடியாது. பார்க்க இயலாத ஒன்றை எவ்வாறு நினைவில் வைப்பது?

இலக்கிய வாசகர்களாகிய நமக்கு இதில் என்ன பங்கு என்று கேட்கலாம். பெரும்பங்கு உண்டு. ஜான் ஆபிரகாம் 1977ஆம் ஆண்டு தமிழில் எடுத்த 'அக்ரகாரத்தில் கழுதை' படத்தின் திரைக்கதை விமர்சகர் வெங்கட் சாமிநாதனுடையது. அதில் பேராசிரியராக நடித்தவர், 'பாதை தெரியுது பார்' படத்தின் இசையமைப்பாளரான அதே எம்.பி. சீனிவாசன். 'அவள் அப்படித்தான்' படத்தின் எழுத்தில் வண்ணநிலவனுக்குப் பங்குண்டு. இவ்வாறு ஒவ்வொரு கண்ணியிலும் ஓர் இலக்கியவாதி நிற்கிறார். எனவே இது திரைப்பட இரசிகர்களின் வரலாறு மட்டுமன்று. நவீனத் தமிழிலக்கிய வரலாற்றின் ஓர் அத்தியாயமும் ஆகும். நாவலை மீண்டும் மீண்டும் பதிப்பித்துக் காத்த நாம், அதே ஆசிரியரின் படத்தைப் பற்றி யாரோ பார்த்துக்கொள்வார்கள் என்று இருந்துவிட்டோம்.

ஜெயகாந்தன் 2015ஆம் ஆண்டு ஏப்ரல் 8ஆம் நாள் மறைந்தார். 'ஓர் இலக்கியவாதியின் கலையுலக அனுபவங்கள்' என்ற நூலில் தம் திரையுலக நாட்களை அவரே எழுதி வைத்துச் சென்றிருப்பது நம் நற்பேறு. அதுவே இப்படத்துக்கு வாய்த்த உரைநூல். அப்படத்தைத் திரையரங்கில் கண்டவர்கள் இன்று எழுபதையும் எண்பதையும் கடந்தவர்கள். அவர்கள் கண்ட காட்சிகளைக் கேட்டுப் பதிவு செய்தல், பழைய இதழ்களில் வந்த மதிப்புரைகளையும் நிழற்படங்களையும் திரட்டுதல், தணிக்கைக் குறிப்புகளைத் தேடுதல் ஆகியவை கல்லூரித் தமிழ்த் துறைகளில் ஆய்வு செய்யும் மாணவர்கள் எளிதில் மேற்கொள்ளத்தக்க பணிகள். எங்கேனும் ஒரு கிடங்கில் ஒரு சுருள் கிடைத்துவிட்டால் மகிழ்ச்சியே. கிடைக்காவிட்டாலும், மயிலை சீனி. வேங்கடசாமி நூல்களுக்குச் செய்ததைப் படங்களுக்குச் செய்ய ஒருவர் வேண்டும். பார்த்தவர்கள் இருக்கும்போதே அதைத் தொடங்குவது நல்லது.