கோமுகியின் கொம்பு

கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வரும் கோமுகி ஆற்றை கச்சிராயபாளையம் பக்கத்தில் அணை கட்டித் தேக்கியிருக்கிறார்கள். கோமுகி என்பது நமக்கு மூன்றெழுத்து. யூனிகோடு கணக்கில் 6 குறியீடுகள்: க, ஓகாரக் குறி, ம, உகரக் குறி, க, இகரக் குறி. நினைவகத்தில் அவை இந்த வரிசையில்தான் இருக்கும். திரைக்கு வரும்போது அந்த ஓகாரக் குறி இரண்டாகப் பிளக்க வேண்டும். இரட்டைக்கொம்பு க-வைத் தாண்டி இடப்பக்கம் போக வேண்டும், கால் வலப்பக்கம் நிற்க வேண்டும். மலைமேல் இருக்கும் வெள்ளிமலையும் இதே கதைதான். ஒரே பெயரில் இரண்டு குறிகள் இடப்பக்கம் தாவுகின்றன.

தாவ வைப்பது யார்? எழுத்துரு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். எழுத்துரு வடிவங்களைத் தரும், எப்படிச் சேரலாம் என்று சில விதிகளையும் தரும். அவற்றைப் படித்து வரிசை மாற்றி அடுக்குவது வேறொரு நிரல். லினக்ஸ் கணினியில் நீங்கள் பார்க்கும் பட்டன், மெனு, உரைப்பெட்டி எல்லாவற்றையும் வரைவது இடைமுகக் கருவித்தொகுப்பு. பட்டன்மேல் இருக்கும் எழுத்தும் அதன் பொறுப்பு.

விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும் செயலி எழுத இரண்டு வழி உண்டு. அந்தந்த இயங்குதளத்தின் பட்டனையே கடன் வாங்கலாம். 1992-ல் தொடங்கிய டபிள்யூஎக்ஸ்விட்ஜெட்ஸ் அந்த வகை. இல்லையென்றால் எல்லாவற்றையும் தானே வரையலாம். க்யூடி, ஜிடிகே இரண்டும் பெரும்பாலும் அந்த வகை. தானே வரைகிறேன் என்று கிளம்பினால் உலகத்து எழுத்துகள் அத்தனையும் தலையில் விழும்.

இரண்டும் பிறந்தபோது தமிழ் யார் நினைப்பிலும் கிடையாது. க்யூடியை எழுதியவர்கள் நார்வேயின் ஹாவார்ட் நூர்டும் ஐரிக் சேம்பஎங்கும். நூர்டின் எடிட்டரில் க்யூ எழுத்து பார்க்க அழகாக இருந்ததாம், அதனால் அந்தப் பெயர். ஓர் எழுத்தின் அழகில் மயங்கிப் பெயர் வைக்கப்பட்ட தொகுப்பில் நம் எழுத்து உடைந்து கிடந்தது. ஜிடிகே, பெர்க்லி மாணவர்கள் ஸ்பென்சர் கிம்பலும் பீட்டர் மாட்டிஸும் கிம்ப் என்ற படத்திருத்திக்காக எழுதியது. மோட்டிஃப் அப்போது கட்டற்ற மென்பொருள் இல்லை என்பதால் சொந்தமாக ஒன்றைச் செய்துகொண்டார்கள். 1996-ல் கேடிஇ மேசைச்சூழல் க்யூடிமேல் தொடங்கியது. க்யூடியின் உரிமம் அப்போது முழுச் சுதந்திரம் தராததால் மறு வருடமே க்னோம் திட்டம் ஜிடிகே பக்கம் போனது. 2000-ல் க்யூடி ஜிபிஎல் உரிமத்துக்கு வந்ததும் அந்தச் சண்டை ஓய்ந்தது. அதை நிறைய பேர் எழுதிவிட்டார்கள்.

தமிழுக்கு முக்கியமான சங்கதி அதே 2000-ல் சத்தமில்லாமல் நடந்தது. ஹான்ஸ் பெட்டர் பீக்கர் என்ற கேடிஇ நிரலாளர் க்யூடிக்குள் திஸ்கி குறிமாற்றி ஒன்றை எழுதிச் சேர்த்தார். திஸ்கி என்பது 1990-களில் பல நாட்டுத் தமிழர்கள் மின்னஞ்சலில் விவாதித்து உருவாக்கிய குறியேற்றம். அதில் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே எழுத்தைச் சேமிப்பார்கள்: முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். வரைபவருக்கு வேலை மிச்சம். ஆனால் தேடலும் அகரவரிசையும் சிக்கல். க்யூடி உள்ளே யூனிகோடாக வைத்துக்கொள்ளும், வரையும் நேரத்தில் குறிமாற்றி அதைத் திஸ்கியாக்கித் திஸ்கி எழுத்துருவிடம் கொடுக்கும். கொம்பு தாவியது அந்த மாற்றத்தின் நடுவில்தான். ஒட்டுவேலைதான், ஆனால் ஓடியது.

நியாயமாகச் சொன்னால், யூனிகோடு தமிழை ஒழுங்காக வரைவதில் மைக்ரோசாஃப்ட் முந்திக்கொண்டது. விண்டோஸ் 2000 அதைச் செய்தது. ஆனால் அந்த நிரல் அந்த வீட்டுக்குள்ளேயே இருந்தது. 2002-ல் ஜிடிகே 2.0 வந்தபோது ஓவன் டெய்லரின் பாங்கோ நூலகம் கூடவே வந்தது. அதன் தொடக்கப் பதிப்புகளில் தமிழுக்கென்றே ஒரு பகுதி இருந்தது. க்யூடி தன் 3-ஆம் வரிசையில் இந்திய எழுத்துகளைத் தனியாகச் செய்தது. ஒரே கொம்பை இரண்டு பேர் இரண்டு இடத்தில் தாவவைத்தார்கள், இரண்டிலும் வேறுவேறு பிழைகள்.

இதை ஒன்றாக்கியது ஹார்ஃப்பஸ். பெயர் பாரசீகம், 'திறந்த எழுத்து' என்று பொருள், ஓப்பன்டைப் என்பதன் மொழிபெயர்ப்பு. ஈரானில் பிறந்த பெஹ்தாத் எஸ்ஃபஹ்போத் அதை அடியோடு திருப்பி எழுதினார். பாங்கோ அதை எடுத்துக்கொண்டது, க்யூடி 5 எடுத்துக்கொண்டது. 2017-ல் லிப்ரெஆபீஸ் 5.3 எல்லா இயங்குதளத்திலும் அதற்கு மாறியது. அதே வருடம் வந்த ஜாவா 9-ம் மாறியது. குரோம், ஃபயர்பாக்ஸ், ஆண்ட்ராய்டு எல்லாவற்றிலும் அதுதான். இந்த வரியைக் கைப்பேசியில் படிக்கிறீர்கள் என்றால் அனேகமாக அது அடுக்கித் தந்த எழுத்தையே படிக்கிறீர்கள். தமிழுக்குச் சந்தை இருக்கிறதா என்று இந்தச் சங்கிலியில் யாரும் கணக்குப் பார்த்திருக்க வேண்டியதில்லை. ஓரிடத்தில் சரிசெய்தது எல்லா இடத்துக்கும் வழிந்தது, அவ்வளவுதான்.

இங்கே நம்மைப் பற்றியும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. கேடிஇக்கும் க்னோமுக்கும் மெனுக்களைத் தமிழாக்கியவர்கள் சம்பளமில்லாமல் ராப்பகலாக உழைத்தார்கள். கோப்பா ஃபைலா என்று சண்டையும் போட்டோம். எழுத்தை வரையும் அடுக்கில் கைவைத்தவர்கள் மிகக் குறைவு என்றே எனக்குப் படுகிறது. எழுத்தைப் பற்றிய அக்கறை நமக்குப் புதிதும் இல்லை. ஒற்றைக்கொம்பையும் இரட்டைக்கொம்பையும் பிரித்தவர் வீரமாமுனிவர் என்பார்கள். 1978-ல் எம்.ஜி.ஆர். அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று லை, ணை, ளை, னை நான்கின் துதிக்கையை நீக்கியது. 'மலை', 'அணை' என்று இன்று எழுதுகிற வடிவம் அந்த ஆணையிலிருந்துதான் வருகிறது. இயந்திரத்துக்கு நான்கு தனி வடிவம் மிச்சமானது. இடப்பக்கம் நிற்கும் கொம்பை மட்டும் யாரும் தொடவில்லை, அதைச் சமாளிக்கிற பாரம் மென்பொருளுக்கு வந்தது.

எல்லாம் முடிந்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. பைத்தான் கற்பவர்கள் முதல் ஜன்னலைத் திறப்பது பெரும்பாலும் டிகே-யில்தான். பெர்க்லியில் ஜான் ஔஸ்டர்ஹவுட் எழுதியது, ஜிடிகேவுக்கும் மூத்தது. லினக்ஸில் டிகே 8.6 வைத்து ஒரு லேபிளில் வெள்ளிமலை என்று எழுதிப் பாருங்கள். வ-வின் கொம்பு வ-வுக்கு வலப்பக்கம், ல-வின் கொம்பு ல-வுக்கு வலப்பக்கம். கோமுகி என்றால் இன்னும் மோசம், கொம்பும் காலும் நடுவில் எழுத்தே இல்லாமல் ஒட்டிக்கொண்டு நிற்கும். அதன் மூலநிரலும் திறந்தேதான் கிடக்கிறது.